சிக்னல் இல்லாத ஜங்ஷனில் யார் முதலில் போக வேண்டும்? சென்னையில் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்சென்னையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்.எல்.ஆர். தேர்வில் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர்களே தெருமுனைக்கு வந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்கிறார்கள். லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடம் ஆனவர்களும் போன் செய்து இதையே கேட்கிறார்கள். அவரவர் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எது சட்டம், எது நம்மூர் வழக்கம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

1. "சார், சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது, நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரு. யார் முதல்ல போகணும்?"

உங்களுக்கு வலப்பக்கம் இருந்து வருகிறவர் முதலில் போவார், நீங்கள் நிற்க வேண்டும். இடப்பக்கம் இருந்து வருகிறவர் உங்களுக்காக நிற்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு வலப்பக்கம் நீங்கள்தான். 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறையிலேயே இது இருந்தது. அதன் இடத்துக்கு 2017-ல் மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் வந்தபோதும் மாறவில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு விதி இருக்கிறது. எந்தச் சந்திப்பை நெருங்கினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். வழி யாருக்கு என்ற பேச்சே இதில் இல்லை, எல்லோருக்கும் பொருந்தும். கீழே பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த இரண்டாவது விதியில்தான் இருக்கிறது.

2. "அது ஏன் வலது? இடதுன்னு வெச்சிருந்தா என்ன?"

அடையாறு கஸ்தூர்பா நகர் மாதிரி, தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும் ஏதாவது ஒரு பகுதியில் முனையில் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் உங்கள் தெருவின் இடது பாதியில் இருக்கிறீர்கள். குறுக்குத் தெருவில் வலப்பக்கம் இருந்து ஒரு ஸ்கூட்டர் வருகிறது, அதுவும் அந்தத் தெருவின் இடது பாதியில்தான் வரும். அந்தப் பாதி உங்கள் பம்பருக்கு நேர் முன்னால் இருக்கிறது. மதில் மறைக்கிறதே என்று ஓரடி முன்னால் நகர்ந்தால்கூட ஸ்கூட்டரின் பாதையில் மூக்கை நீட்டிவிடுவீர்கள்.

இடப்பக்கம் இருந்து வருகிறவர் தெருவின் மறுபாதியில் வருகிறார். அவரோடு மோத வேண்டுமானால் நீங்கள் இன்னும் பாதித் தெருவைத் தாண்டியாக வேண்டும். பார்க்கவும் பிரேக் பிடிக்கவும் அந்த இடைவெளி இருக்கிறது. முதலில் வருகிற ஆபத்துக்கு முதலில் நில் என்பதுதான் கணக்கு. வலப்பக்கத்து வண்டி வந்து இடிப்பதும் டிரைவர் கதவில் என்பதை நினைத்துக்கொண்டால் விதி மறக்காது.

3. "எங்க தெரு போர்டுலயே 'முதல் பிரதான சாலை'ன்னு போட்டிருக்கு. அப்ப எங்களுக்குத்தானே வழி?"

இல்லை. அது முகவரி. லேஅவுட் போட்டபோது ஒரு பக்கமாகப் போகிற தெருக்களுக்குப் பிரதான சாலை என்றும் மறுபக்கமாகப் போகிறவற்றுக்குக் குறுக்குத் தெரு என்றும் பெயர் வைத்தார்கள். சென்னையில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போக வேண்டிய 'பிரதான சாலை'கள் நிறைய உண்டு.

முதல் கேள்வியில் சொன்ன வலப்பக்க விதிக்கு உண்மையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பிரதான சாலை என்று முறைப்படி குறிக்கப்பட்ட சாலையில் நுழைகிறவர், அதில் போகிற எல்லோருக்கும் வழிவிட வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பை நீங்கள் காண்பது பெயர்ப் பலகையில் அல்ல, பக்கத்துத் தெரு வந்து சேரும் வாயில். தலைகீழாக நிற்கும் முக்கோணம், வெள்ளைப் பரப்பு, சிவப்பு விளிம்பு என்றால் வழிவிடு என்று பொருள். யாராவது வந்தால் நிற்க வேண்டும். எட்டு மூலைச் சிவப்புப் பலகை என்றால் நில். யாரும் வராவிட்டாலும் சக்கரம் நின்றாக வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த நில் பலகையை மீறுவதைச் சிவப்பு விளக்கைத் தாண்டுவதோடு சேர்த்து ஆபத்தான ஓட்டுதல் என்ற 184-ஆம் பிரிவில் வைத்துவிட்டார்கள். இது பலருக்கும் தெரியாது.

4. "போர்டே இல்லேன்னா? சந்துலருந்து எல்.பி. ரோட்டுக்கு வர்றேன், வலது விதிப்படி நான் புகுந்துடலாமா?"

புகுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அகலமான, நடுவில் கோடு போட்ட, பஸ் ஓடுகிற சாலையில் சேரும்போது பலகை இல்லாவிட்டாலும் பலகை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு கேட், பெட்ரோல் பங்க், ஓரமாக நிறுத்தியிருந்த இடம் ஆகியவற்றிலிருந்து சாலைக்கு வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் வழி.

5. "தண்ணி லாரி வருது, எம்.டி.சி. பஸ் வருது. பெரிய வண்டிக்குத்தான் முதல் வழின்னு எங்க மாமா சொல்றாரு."

மாமா சொல்வது சட்டம் இல்லை, பிழைக்கும் வழி. நிரம்பிய தண்ணீர் லாரி உங்கள் ஆல்ட்டோ நிற்கும் தூரத்தில் நிற்காது, அதன் டிரைவருக்கு இடப்பக்கம் ஓரமாக வருகிற டூ வீலர் தெரியவும் தெரியாது. அதனால் விட்டுக்கொடுங்கள். ஆனால் நாளைக்கே நீங்கள் இன்னோவா வாங்கினால் ஆட்டோக்காரர் உங்களுக்கு நின்றாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வண்டியின் அளவுக்குச் சட்டத்தில் எந்த மரியாதையும் கிடையாது.

6. "நான்தான் ஜங்ஷனுக்கு முதல்ல வந்தேன். அதுக்கு மதிப்பு இல்லையா?"

அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இது. அங்கே நாலு வாயிலும் நில் பலகை வைத்த சந்திப்புகள் உண்டு, முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஒன்று மட்டும் பொது: ஏற்கெனவே சந்திப்பின் நடுவில் இருப்பவரை வெளியேற விட வேண்டும். வலப்பக்கம் இருந்து வருகிறேன் என்பதற்காக நடுவில் இருப்பவர் மேல் ஏற்ற முடியாது.

7. "டி ஷேப்ல முடியற தெருவுல யாருக்கு வழி?"

இங்கேதான் விதிக்கும் வழக்கத்துக்கும் ஒத்துப்போகாது. நீங்கள் முடிகிற தெருவில் இருந்து வருகிறீர்கள், நேர்சாலையில் இடப்பக்கம் இருந்து ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வலப்பக்கம் நீங்கள். பலகை எதுவும் இல்லாவிட்டால் எழுத்துப்படி அவர் நிற்க வேண்டும். சென்னையில் ஒருவரும் நிற்க மாட்டார். நேராகப் போகிறவனுக்கு எதற்குத் தடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வது, முடிகிற தெருவில் இருப்பவர் நில்லுங்கள். இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்றால் வலப்பக்கம் மட்டும் ஒழுங்காகப் பார்த்தால் போதும், இடமிருந்து வருகிறவர் மறுபாதியில் போய்விடுவார். அவர் அந்த நேரத்தில் யாரையாவது ஓவர்டேக் செய்துகொண்டு உங்கள் பாதிக்கு வருகிறாரா என்று மட்டும் ஒரு கண் வையுங்கள். வலப்பக்கம் திரும்புகிறவர் இரண்டு பாதியும் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு தவணையாகப் போகலாம் என்று நடுவில் காரைக் குறுக்கே போட்டு நிற்பது நம் ஊர்க் கலை. அதைப் பழகாதீர்கள்.

8. "நான் ரைட் எடுக்கறேன், எதிர்ல வர்றவர் நேரா போறாரு. இண்டிகேட்டர் போட்டுட்டேனே?"

இண்டிகேட்டர் தகவல் சொல்லும், வழி வாங்கித் தராது. திரும்புகிறவர், நேராக வருகிறவருக்கு நிற்க வேண்டும். யூ டர்ன் போடுகிறவர் எல்லோருக்கும் நிற்க வேண்டும். ஓ.எம்.ஆரில் யூ டர்ன் வாயில் முன்சக்கரத்தை மட்டும் நீட்டி வைத்து வருகிறவரை மிரட்டி நிறுத்துவது தினமும் நடக்கிறது. அங்கே இடி வாங்கினால் பேச உங்கள் பக்கம் ஒன்றும் இருக்காது.

9. "ரவுண்டானாவுல உள்ள இருக்கறவருக்கா, உள்ள வர்றவருக்கா?"

உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் ரவுண்டானாவை வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். நுழைகிற உங்களுக்கு உள்ளே இருப்பவர் வலப்பக்கம் இருந்துதான் வருவார். முதல் கேள்வியின் விடையே இங்கேயும் சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அண்ணா நகர் ரவுண்டானாவில் சிக்னல் இருக்கிறது. சிக்னல் இருந்தால் அதற்குத்தான் கீழ்ப்படிய வேண்டும்.

10. "ஃப்ரீ லெஃப்ட்னா நிக்காமலே போகலாம்தானே?"

ஃப்ரீ லெஃப்ட் என்று பலகையோ, இடப்பக்க அம்புக்குறி விளக்கோ இருந்தால்தான் சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம். இல்லாத இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான். இருக்கிற இடத்திலும், சிவப்பு உங்களைத் தடுக்காது என்பதோடு சலுகை முடிந்தது. வலப்பக்கம் இருந்து பச்சையில் வருகிறவர்களுக்கும், திரும்பும் இடத்தில் சாலையைக் கடக்கிறவர்களுக்கும் நீங்கள்தான் நிற்க வேண்டும். இதை மறந்துவிட்டு, இடப்பக்க ஓரத்தில் நேராகப் போக நிற்கிற கார்க்காரரை ஹாரனால் துளைக்கிறவர்களும் உண்டு. நேராகப் போகிறவரும் அந்த ஓரத்தை அடைக்காமல் இருப்பது நல்லது.

11. "ராத்திரி சிக்னல் மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரியுது. இல்லேன்னா மழையில சிக்னலே செத்துக் கிடக்குது. அப்ப?"

மஞ்சள் மினுங்கினால் வேகம் குறைத்து, பார்த்துப் போகலாம். சிவப்பு மினுங்கினால் நில் பலகை மாதிரி, முழுதாக நின்று பிறகு போக வேண்டும். விளக்கே எரியாவிட்டால் அது சிக்னல் இல்லாத சந்திப்பு, முதல் கேள்விக்குப் போங்கள்.

ராத்திரியில் காலியான சாலைதான் எனக்குப் பயம். பகலில் ஜனநெரிசலே எல்லோரையும் மெதுவாக்கிவிடும். இரவு பதினொன்றரைக்கு மஞ்சள் மினுங்கும் ஜங்ஷனில் நாலு பக்கமும் எவனும் வரமாட்டான் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். நேராகப் போகிறவராக இருந்தாலும் காலை பிரேக் மேல் வைத்தே தாண்டுங்கள்.

12. "சிக்னல் சிவப்பு, ஆனா போலீஸ்காரர் வா வான்னு கை காட்டறாரு."

போங்கள். போலீஸ் கை, அப்புறம் சிக்னல், அப்புறம் பலகையும் கோடும், எதுவும் இல்லாவிட்டால் வலப்பக்க விதி. வரிசை இதுதான்.

13. "நாலு பக்கமும் நாலு வண்டி ஒரே நேரத்துல வந்து நிக்குது. எல்லாருக்கும் வலப்பக்கம் ஒருத்தர் இருக்காரே!"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டால் நாலு பேரும் விடிய விடிய நிற்க வேண்டியதுதான். விதியில் இதற்கு விடை இல்லை. யாராவது ஒருவர் தன் வழியை விட்டுக்கொடுத்தால் முடிச்சு அவிழும். அவருக்கு இடப்பக்கம் நிற்பவருக்குக் கையை நன்றாக வெளியே தெரியும்படி நீட்டி 'நீங்க போங்க' என்று காட்ட வேண்டும். அவர் போனதும் மற்றவர்களுக்கு வரிசை தானாக வந்துவிடும்.

நடைமுறையில் இது இப்படி நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாலு காரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடுக்கில் இரண்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ போய்விடும். அவர்கள் போகட்டும். கை காட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் பக்கத்தில் யாரும் ஓவர்டேக் செய்து வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காட்டுங்கள். நீங்கள் நிறுத்தியது உங்கள் வண்டியை மட்டும்தான்.

14. "எதிர்ல வர்றவர் லைட் அடிச்சா 'நீ போ'ன்னுதானே அர்த்தம்?"

வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் அப்படி எடுத்துக்கொண்டு இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் லைட் அடித்தால் பெரும்பாலும் 'நான் வர்றேன், நீ நில்லு' என்று பொருள். நிச்சயம் இல்லாதபோது நிற்பதே நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு வியாதி, நேராகப் போகிறேன் என்று சொல்ல நாலு இண்டிகேட்டரையும் போடுவது. பக்கவாட்டில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும். இவர் திரும்பப் போகிறார் என்று நம்பி அவர் வந்துவிடுவார். நேராகப் போகிறவர் எந்த விளக்கும் போடத் தேவையில்லை. நாலு விளக்கும் பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரியவை.

15. "ஜீப்ரா கிராஸிங்ல ஆள் நிக்கறாங்க. நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சிடுவானே?"

சிக்னலோ போலீஸோ இல்லாத ஜீப்ராவில் நடக்கிறவருக்குத்தான் வழி, இதில் சந்தேகமே வேண்டாம். பின்னால் இடிப்பான் என்ற பயமும் நியாயமானதுதான். சடாரென்று நிற்காமல் தூரத்திலேயே பிரேக்கை மெல்ல இரண்டு முறை தட்டுங்கள், பின்விளக்கு எரிந்து எரிந்து அணைவது பின்னால் வருகிறவருக்குப் புரியும். கோட்டுக்கு முன்பே நில்லுங்கள். கோட்டின் மேல் நின்றால் பக்கத்து லேனில் வரும் பைக்கை நடப்பவரின் கண்ணுக்கு நீங்களே மறைத்துவிடுவீர்கள்.

16. "ஆம்புலன்ஸ் பின்னாடி சைரன் அடிக்குது, எனக்குச் சிவப்பு. தாண்டிடலாமா?"

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எல்லா விதிக்கும் மேலே வழி உண்டு. விடாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வழிவிடுவது என்றால் ஓரம் ஒதுங்குவது. குறுக்கே பச்சையில் வண்டிகள் வரும்போது சிவப்பைத் தாண்டி நடு ஜங்ஷனுக்குப் பாய்ந்தால் இன்னொரு ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும். இடப்பக்கம் ஒட்டி, கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் ஓரத்திலேயே நின்று, பின்னால் இருப்பவருக்கும் இடம் கொடுங்கள்.

17. "எனக்குப் பச்சை. ஆனா ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் வண்டி நகரவே இல்லை."

பச்சையானாலும் உள்ளே போகாதீர்கள். வெளியேற இடம் இருந்தால்தான் நுழைய வேண்டும். சில ஜங்ஷன்களில் நடுவில் மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருப்பார்கள், அந்தக் கட்டத்தில் நிற்கவே கூடாது. சாயங்காலம் ஆறரைக்கு ஜங்ஷன் மொத்தமும் பூட்டிக்கொள்வதற்குக் காரணம், பச்சையில் நுழைந்து சிவப்பிலும் நடுவில் நின்ற பத்துப் பேர்தான்.

18. "மெட்ரோ வேலைக்குப் பாதி ரோட்டை அடைச்சிருக்காங்க. இருக்கற ஒரே லேன்ல ரெண்டு பக்கமும் வருது."

இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர். அந்த வேலையால் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது. தடுப்பு யார் பாதியை அடைத்திருக்கிறதோ அவர் நின்று, எதிரில் வருகிறவரை விடுவதே முறை. கொடியோடு ஆள் நின்றால் அவர் சொல்கிறபடி போங்கள், அந்தப் பக்கத்தை அவரால்தான் பார்க்க முடியும். தடுப்பின் தகடு மூலையை மறைத்திருக்கும் இடங்களில் பக்கத்துத் தெரு வாய் இருப்பதே தெரியாது. அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும்.

19. "வலப்பக்கம் இருந்து வந்தது நான். இடிச்சது அவர். அப்ப முழுத் தப்பும் அவருடையதுதானே?"

அப்படி எழுதித் தர முடியாது. முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது விதி இங்கேதான் திரும்பி வருகிறது. வழிவிடாதது அவர் தவறு. வழி எனக்குத்தான் என்று வேகத்தைக் குறைக்காமல் வந்தது உங்கள் தவறு. காயம்பட்டு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழக்குகளில் இரண்டு பக்கத் தவறையும் சதவீதமாகப் பிரித்து, உங்கள் பங்கை உங்களுக்கு வரவேண்டிய தொகையில் கழிப்பது வழக்கமான நடைமுறை.

இடித்த இடம் பேசும். உங்கள் வண்டியின் முன்பக்கம் நசுங்கி, அவருடைய பின்கதவு நசுங்கியிருந்தால் அவர் பெரும்பாலும் சந்திப்பைக் கடந்துவிட்டார் என்று கேட்கப்படும். அதனால் யாருக்கும் அடி இல்லை என்றால் வண்டியை நகர்த்துமுன் சக்கரங்கள் இருக்கும் நிலை, பிரேக் தடம், பலகை இருக்கிறதா இல்லையா என்பது தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முனைக்கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அடிபட்டவர் இருந்தால் முதலில் 108, போட்டோ அப்புறம்.

20. "நான் விதிப்படி நிக்கறேன். பின்னாடி இருக்கறவர் ஹாரனை விடவே மாட்டேங்கறாரு. என்ன பண்றது?"

புதிதாக ஓட்டுகிறவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இந்த ஹாரனுக்குப் பயந்துதான். பின்னால் இருப்பவருக்கு உங்கள் வலப்பக்கம் தெரியாது, அவருக்குத் தெரிவது உங்கள் டிக்கி மட்டும்தான். கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நகரலாமா வேண்டாமா என்று தவிக்காதீர்கள். நியூட்ரலுக்கு வாருங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். வலப்பக்க வண்டி போகட்டும். அப்புறம் முதல் கியர் போட்டு, கிளம்புமுன் இடப்பக்கக் கண்ணாடியை ஒரு தரம் பாருங்கள். ஹாரன் அடித்தவர் அந்த நேரம் பார்த்து இடப்பக்கமாகவே நுழைந்து முன்னால் போகப் பார்ப்பார்.